நீள்தண்டுக் கருவிகளை வீசி இயக்குவோருக்கு வரும் தோள், முழங்கை வலி: கருவியைச் சமநிலைப்படுத்தும் முறைகள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் புல், களை, புதர் ஆகியவற்றை அகற்றுவதற்கு, மக்கள் 'பிரஷ் கட்டர்' என்று அழைக்கும் புல்வெட்டும் இயந்திரம் இப்போது பரவலாகப் பயன்படுகிறது. மக்காச்சோளம், பருத்தி விளையும் நிலங்களின் வரப்புகளிலும், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை வட்டாரங்களின் முந்திரித் தோப்புகளிலும் இதனைக் காணலாம். முந்திரிக் கொட்டை உதிரும் பருவத்துக்கு முன்பாக மரத்தடியைச் சுத்தம் செய்யும் வாரங்களில் சிலர் காலை முதல் மாலை வரை இதனைத் தோளில் மாட்டிக்கொண்டு இடமும் வலமுமாக வீசி வேலை செய்கின்றனர். அதன் பின்னர் வலது முழங்கையின் வெளிப்பக்க வலி, தோள்பட்டை வலி, கைவிரல் மரத்துப்போதல் ஆகியவற்றுடன் மருத்துவமனைக்கு வருகின்றனர்.

காவல் துறையின் வெடிகுண்டு கண்டறியும் பிரிவினர் பயன்படுத்தும் நீண்ட தண்டுடைய உலோகக் கண்டறி கருவியும் (மெட்டல் டிடெக்டர்) இதே வகையைச் சேர்ந்தது. நீண்ட தண்டு, அதன் மறுமுனையில் எடை, மணிக்கணக்கில் பக்கவாட்டு வீச்சு என்ற மூன்றும் இரண்டுக்கும் பொது. ஆகவே இரண்டையும் சேர்த்தே இப்பக்கம் விளக்குகிறது. மாத்திரையும் ஊசியும் வலியைத் தற்காலிகமாகக் குறைக்கும். கருவி சீர்செய்யப்படாத வரை, மீண்டும் வேலைக்குச் சென்ற சில நாள்களில் அதே வலி திரும்பும்.

எடையைவிட எடை இருக்கும் இடமே முக்கியம்

தண்ணீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைக் குழாயிலிருந்து வீடு வரை நடக்க இயலும். அதே குடத்தை நீட்டிய கையில் ஒரு நிமிடம் பிடிப்பது கடினம். குடத்தின் எடை மாறவில்லை. உடலிலிருந்து அதன் தொலைவு மாறிவிட்டது. நீள்தண்டுக் கருவிகளிலும் இதுவே நடக்கிறது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். உலோகக் கண்டறி கருவியின் முனையில் உள்ள வட்டச் சுருள் 600 கிராம் எடையுள்ளது என்றும், அது கைப்பிடியிலிருந்து 90 சென்டிமீட்டர் தொலைவில் உள்ளது என்றும் கொள்வோம். எடையையும் தொலைவையும் பெருக்கினால் 54 கிலோ-சென்டிமீட்டர் கிடைக்கிறது. தண்டை முன்பக்கமாகக் கீழே சாய்க்க முயலும் விசை அது. மணிக்கட்டும் முன்கையும் ஒவ்வொரு கணமும் அதனை எதிர்த்துப் பிடிக்க வேண்டும். இப்போது 400 கிராம் எடையுள்ள மின்கலப் பெட்டி, கைப்பிடிக்குப் பின்னால் 40 சென்டிமீட்டரில், முழங்கையை ஒட்டிப் பொருத்தப்பட்டால், அது 16 கிலோ-சென்டிமீட்டர் அளவுக்குத் தண்டை எதிர்ப்பக்கமாகச் சாய்க்கும். மணிக்கட்டின் பங்கு 38 ஆகக் குறைகிறது. கிணற்று ஏற்றத்தின் பின்முனையில் பாரம் வைத்த முன்னோர் அறிந்திருந்த கணக்குத்தான் இது.

ஆனால் பின்முனையில் பாரத்தைச் சேர்த்துக்கொண்டே போவது தீர்வாகாது. கருவியை நீங்கள் ஒரே இடத்தில் பிடித்து நிற்பதில்லை, வீசுகிறீர்கள். வீச்சின் ஒவ்வொரு ஓரத்திலும் அதை நிறுத்தி எதிர்த்திசைக்குத் திருப்ப வேண்டும். அப்போது தேவைப்படும் விசை, தொலைவின் வர்க்கத்தைப் பொறுத்து உயர்கிறது: இரு மடங்கு தொலைவில் உள்ள எடையைத் திருப்ப நான்கு மடங்கு விசை வேண்டும். முன்முனையிலோ பின்முனையிலோ எங்கே புதிதாக எடையைச் சேர்த்தாலும் இந்தச் சுமை கூடவே செய்யும். எனவே வரிசை இதுதான்: முதலில் முன்முனையின் எடையைக் குறைக்க வேண்டும், அடுத்து, ஏற்கெனவே உள்ள எடையைப் பின்னால் நகர்த்த வேண்டும், பிறகு தோள்பட்டை வாரின் உதவியால் எடையை உடலுக்கு மாற்ற வேண்டும். எதிர்ப்பாரம் சேர்ப்பது கடைசி வழி.

உடலில் என்ன நேர்கிறது

மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்தும் தசைகளில் பெரும்பாலானவை முழங்கையின் வெளிப்பக்க எலும்புமுனையில் ஒரே தசைநாண் வழியாக வந்து பொருந்துகின்றன. முன்பக்கம் சாயும் கருவியை நாள் முழுவதும் உயர்த்திப் பிடிக்கும்போது அத்தசைநாண் இடைவிடாது இழுபட்டு, அதன் இழைகள் சிதைகின்றன. டென்னிஸ் ஆடாதவர்களுக்கே பெரும்பாலும் வரும் இந்நோய்க்கு 'டென்னிஸ் முழங்கை' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 35 முதல் 55 வயதுக்கு உட்பட்டோரிடம் இது அதிகம். துணி பிழியும்போதும், நிறைந்த சொம்பைத் தூக்கும்போதும், கதவுத் தாழ்ப்பாளைத் திருகும்போதும் சுருக்கென்ற வலி வருவது இதன் அடையாளம்.

தோளில், கையை உடலிலிருந்து விலக்கிப் பிடிக்கும் சிறு தசைநாண்கள் எலும்புகளுக்கு இடையிலான குறுகிய இடைவெளியில் செல்கின்றன. தண்டு நீளமாக இருப்பதால் முழங்கையை அகற்றி வைத்து வேலை செய்பவருக்கு இவை உராய்ந்து புண்படும். கையைத் தலைக்கு மேல் உயர்த்தும்போதும், வலிக்கும் பக்கமாகப் படுக்கும்போதும் வலி கூடும்.

புல்வெட்டும் இயந்திரத்தைச் சமநிலைப்படுத்துதல்

தோளில் தொங்கவிடும் வகை இயந்திரத்தின் எடை பெரும்பாலும் 7 முதல் 10 கிலோ வரை இருக்கும். இதில் கைகள் சுமக்க வேண்டிய பங்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பதே சரியான நிலை. எடை முழுவதையும் தோள்வாரும் இடுப்பும் ஏற்க, கைகள் திசையை மட்டும் காட்ட வேண்டும். உங்கள் கை எடையைச் சுமக்கிறது என்றால் கருவி சரியாகப் பொருத்தப்படவில்லை என்று பொருள்.

இயந்திரத்தோடு கிடைக்கும் ஒற்றைத் தோள்வாரைக்கூட 'இடைஞ்சல்' என்று கழற்றி எறிந்துவிடும் வழக்கம் உள்ளது. இதுவே பெரும்பாலான வலிகளின் தொடக்கம் என்பது எமது கருத்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்பவர், இரு தோள்களிலும் மாட்டக்கூடியதும் வலது இடுப்பில் மெத்தைத் தகடு உடையதுமான இரட்டை வாரைப் பயன்படுத்துவது நல்லது. ஒற்றை வார் ஒரு பக்கக் கழுத்துத் தசையை மட்டுமே அழுத்தும்; அவ்வலி நாளடைவில் தலைவலியாகவும் மாறும். வாரின் விலை, வலியால் வேலைக்குச் செல்ல இயலாத சில நாள்களின் கூலியைவிட அதிகமாக இராது.

சரிபார்க்கும் முறை பின்வருமாறு. இயந்திரத்தை அணைத்து, அது குளிர்ந்த பின், வேலையின்போது பயன்படுத்தும் வெட்டுத் தகட்டையோ நைலான் நரம்புத் தலையையோ பொருத்தி, கலனில் பாதியளவு எரிபொருள் நிரப்புங்கள். வாரை மாட்டி, கொக்கி வலது இடுப்பெலும்பிலிருந்து ஒரு கையகலம் கீழே வருமாறு நீளத்தைச் சரிசெய்யுங்கள். இயந்திரத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டு, நிமிர்ந்து நின்று, இரு கைகளையும் மெல்ல விடுங்கள். வெட்டுத் தலை தரையை இலேசாகத் தொட்டும் தொடாமலும் நின்றால் சமநிலை சரி. புதர் அறுக்கும் வட்ட ரம்பத் தகடு பொருத்தியிருந்தால் அது தரையிலிருந்து ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும்.

தலை தரையில் விழுந்து அழுந்தினால் முன்பக்கம் கனம் என்று அறியலாம். தண்டின் மீதுள்ள தொங்கு வளையத்தின் திருகைத் தளர்த்தி, வளையத்தை வெட்டுத் தலையின் பக்கமாக இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் நகர்த்தி, மீண்டும் இறுக்கிப் பாருங்கள். தலை மேலே எழும்பினால் வளையத்தை இயந்திரத்தின் பக்கமாக நகர்த்துங்கள். மூன்று, நான்கு முறை செய்தால் சரியான இடம் பிடிபடும். அவ்விடத்தில் தண்டின் மீது ஒரு வண்ணக் கோடு இட்டுக்கொள்ளலாம். எரிபொருள் கலன் பின்பக்கம் இருப்பதால், பெட்ரோல் தீரத் தீர முன்பக்கம் தாழும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடையுள்ளது. கடைசி கால் மணி நேரத்தில் கை அதிகம் சோர்வதற்கு இதுவும் ஒரு காரணம். வெட்டும் தலையை மாற்றும் ஒவ்வொரு முறையும், ஒரே இயந்திரத்தைத் தந்தையும் மகனும் மாறி மாறிப் பயன்படுத்தினால் ஆள் மாறும்போதும் இச்சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

மண்ணைக் கிளறிக் களையெடுக்கும் இணைப்பைத் தண்டின் முனையில் பொருத்துவோர் சற்று யோசிக்க வேண்டும். முனையில் பல கிலோ எடை கூடுவதுடன், கல்லில் மோதும்போது தண்டு உதைக்கவும் செய்யும். ஏற்கெனவே வலி உள்ளவர்களுக்கு இவ்விணைப்பு உகந்ததன்று. சக்கரம் வைத்த களையெடுக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பது அவர்களுக்கு மேலானது.

எடையைக் குறைப்பதற்காக வெட்டுத் தகட்டின் மேலுள்ள பாதுகாப்பு மறைப்பைக் கழற்றிவிடுவோர் உண்டு. இது கூடவே கூடாது. தெறிக்கும் கல் கண்ணைப் பறிக்கும். கண்ணாடி, காலணி, 15 மீட்டருக்குள் வேறு எவரும் இல்லாமை ஆகியவை எந்நிலையிலும் தேவை.

கைப்பிடியின் உயரம் அடுத்தது. நிமிர்ந்து நிற்கையில் இரு முழங்கைகளும் இலேசாக மடங்கி, உடலை ஒட்டி இருக்க வேண்டும். கைகள் முழுதாக நீண்டிருந்தால் கைப்பிடியைப் பின்னால் நகர்த்துங்கள். வீசும்போது கைகளை அசைக்காமல், கால்களைச் சற்று அகற்றி வைத்து, இடுப்பிலிருந்து உடலைத் திருப்புங்கள். அரிவாள் பிடித்துப் பழகியவர்கள் இயல்பாகவே கையை வீசுவார்கள். இப்பழக்கத்தை மாற்ற ஓரிரு நாள்கள் ஆகும். உலோகத் தகட்டைப் பயன்படுத்தும்போது வலமிருந்து இடமாக மட்டும் வெட்டி, திரும்பும் வீச்சை ஓய்வாகக் கொள்வது கைக்கும் நல்லது, வேலைக்கும் நல்லது.

இயந்திரம் முதுகிலும் வெட்டும் தண்டு மட்டும் கையிலும் இருக்கும் மற்றொரு வகையும் உண்டு. சரிவுகளிலும் குறுகிய வரப்புகளிலும் அது வசதியானது. ஆனால் தண்டுக்குப் பின்பக்க எதிரெடை இல்லாததால் முன்கையின் வேலை அதில் குறைவதில்லை. முதுகுவலி உள்ளவர்களுக்கு அது பொருந்தாது.

உலோகக் கண்டறி கருவி

இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டு அதிகாரி யூசெப் கொசாட்ஸ்கி வடிவமைத்து, 1942இல் எல் அலமைன் போரில் பயன்படுத்தப்பட்ட கண்ணிவெடி கண்டறி கருவி ஏறத்தாழ 14 கிலோ எடையுள்ளது. இன்றைய கருவிகள் மிகவும் இலேசானவை. எனினும் கங்கைகொண்டசோழபுரம் ஆடித் திருவாதிரை விழா போன்ற பெருங்கூட்டங்களுக்கு முன் திடல் முழுவதையும் சோதிக்க வேண்டியிருந்தால், இரண்டு கிலோ கருவியும் கனக்கும். இலங்கையின் வட பகுதியில், முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணியில் உள்ள தமிழ்ப் பெண்கள் பலருக்கு இது அன்றாட வேலையாகவே உள்ளது.

தண்டின் நீளத்தை, நீங்கள் குனியாமல் நிற்கும்போது சுருள் தரைக்குச் சற்று மேலே நகருமாறு அமையுங்கள். முன்கையைத் தாங்கும் வளைவு முழங்கைக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். முன்கையின் நடுவில் வந்தால் மணிக்கட்டின் சுமை கூடும். வளைவு தளர்வாக இருந்தால் மெத்தை வைத்து, பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள். கைப்பிடி மெல்லியதாக இருப்பின் அதை இறுக்கிப் பிடிக்க நேரும். இறுக்கிப் பிடிப்பதே முழங்கை வலிக்குப் பாதிக் காரணம். சைக்கிள் கைப்பிடியின் இரப்பர் உறை இதற்குப் போதுமானது.

மின்கலத்தை இடுப்புப் பட்டைக்கு மாற்றும் வசதி உள்ள கருவிகளில் அவ்வாறே செய்யுங்கள். தோள்வாரிலிருந்து ஒரு நெகிழ்பட்டையைத் தண்டுக்கு, கைப்பிடிக்குச் சற்று முன்னால், இணைத்தால் சுருள் தானாகவே மிதப்பது போல் நிற்கும். பட்டையின் நீளத்தைச் சரிசெய்ய, மேலே கூறிய 'கைகளை விட்டுப் பார்க்கும்' சோதனையே போதும். எதிர்ப்பாரம் தேவைப்பட்டால் அதைத் தண்டின் பின்முனையில் மட்டுமே கட்ட வேண்டும். சுருளின் அருகில் இரும்பு வந்தால் கருவியின் உணர்திறன் குலையும். அரசுக் கருவிகளில் எம்மாற்றத்தையும் பிரிவின் பொறுப்பு அலுவலரின் அனுமதியுடனேயே செய்க. 20 நிமிடங்களுக்கு ஒரு முறை கை மாற்றுங்கள். புல்வெட்டும் இயந்திரம் வலப்பக்கத்துக்கென்றே அமைக்கப்பட்டிருப்பதால் அதில் இவ்வாறு கை மாற்ற இயலாது.

அதிர்வு

புல்வெட்டும் இயந்திரத்துக்கு மட்டும் உரிய கூடுதல் தீங்கு அதிர்வு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் காற்றுச் சுத்தியல் பிடித்தவர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப்போவதை மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் பதிவு செய்தார். சுண்ணாம்புக்கல் நிறைந்த அரியலூர்ப் பகுதியில் பாறை துளைக்கும் கருவி பிடிப்போருக்கும் இது பொருந்தும். குளிர் நாடுகளில் விரல் வெளுப்பதே முதன்மை அறிகுறி. நம்முடையது போன்ற வெப்பமான பகுதிகளில் மதமதப்பும் மரத்துப்போதலும் பிடி தளர்வுமே பெரும்பாலும் காணப்படும். விரல் வெளுக்கவில்லை என்பதால் பாதிப்பில்லை என்று எண்ண வேண்டாம்.

அதிர்வு பாதியானால், அதே அளவு பாதிப்புக்கு நான்கு மடங்கு நேரம் ஆகும். எனவே நேரத்தைக் குறைப்பதைவிட அதிர்வைக் குறைப்பது அதிகப் பலன் தரும். மழுங்கிய தகடு, ஒரு பல் உடைந்த தகடு, ஒரு பக்கம் மட்டும் நீண்ட நைலான் நரம்பு, தேய்ந்த இரப்பர்த் தாங்கி ஆகியவை அதிர்வைப் பெருக்குபவை. இவற்றை வேலைக்கு முன் பார்த்துவிடுங்கள். புகைபிடித்தல் விரல்களின் இரத்த ஓட்டத்தை மேலும் சுருக்கும்.

வலி வந்தபின் செய்ய வேண்டியவை

டென்னிஸ் முழங்கை பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் குணமாகிவிடும். முழு ஓய்வு தேவையில்லை. வலியைத் தூண்டும் செயலை மட்டும் சில வாரங்கள் குறைத்தால் போதும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைக்கலாம்.

கடும் வலி தணிந்தபின் ஒரு பயிற்சியைத் தொடங்குங்கள். முன்கையை மேசை மீது வைத்து, உள்ளங்கை தரையைப் பார்க்க, மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே வருமாறு அமருங்கள். அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்து, மற்றொரு கையின் உதவியால் மணிக்கட்டை உயர்த்தி, உதவியின்றி நான்கு எண்ணும் அளவுக்கு மெதுவாகத் தாழ்த்துங்கள். பத்து முதல் பதினைந்து முறை, நாளுக்கு மூன்று தடவை செய்யலாம். இலேசான வலி இருக்கலாம். மறுநாள் காலை வரை வலி நீடித்தால் புட்டியில் பாதித் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல நிவாரணம் தரும் என்பது உண்மை. ஆனால் ஊசி போட்டவர்கள் ஓராண்டு முடிவில் போடாதவர்களைவிடப் பின்தங்கியே இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அறுவடைக்கு முன் எப்படியாவது வேலைக்குப் போக வேண்டும் என்று ஊசி கேட்போர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி உண்ணும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் குறித்துத் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது. வெயிலில் வியர்த்து, போதிய நீர் அருந்தாத உடலில் இவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். வெறும் வயிற்றில் உண்டு வேலைக்குச் செல்வோருக்கு இரைப்பையில் புண்ணும் இரத்தக் கசிவும் வரலாம். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உண்ணக் கூடாது. வேலைக்கு முன்பே 'வலி வராமல் இருக்க' மாத்திரை போடும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும்.

குடும்பத்தினரின் கவனத்துக்கு

வேலை செய்பவர் வலியைச் சொல்லாமல் மறைப்பது இயல்பு. ஒரு நாள் கூலி போய்விடுமே என்பது அவரது கவலை. டம்ளரை நழுவவிடுதல், சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுதல், இரவில் எழுந்து கையை உதறுதல், சோற்றைப் பிசையும்போது விரல்கள் தடுமாறுதல் ஆகியவற்றை நீங்கள்தான் முதலில் காண்பீர்கள். இரவில் கையை உதறுவது மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதைக் குறிக்கும். பெருவிரலின் அடிச்சதை மெலியும் முன் சிகிச்சை பெற வேண்டும்.

எண்ணெய் தேய்த்துக் கையை வேகமாக இழுத்துவிடுவதும், தோளை வாரக்கணக்கில் கட்டிப்போடுவதும் வேண்டாம். அசைக்காத தோள் இறுகிவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுக்கம் மற்றவர்களைவிட அதிகமாக வருவதால், தோளை எப்பக்கமும் அசைக்க இயலாத நிலை வந்தால் இரத்தச் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பின்வரும் நிலைகளில் தாமதமின்றி மருத்துவரைக் காண வேண்டும்: கையைத் திடீரென உயர்த்த இயலாமை, மூட்டில் வீக்கமும் காய்ச்சலும், நாளுக்கு நாள் கூடும் பலவீனம், கழுத்திலிருந்து விரல் வரை பரவும் வலி, கருவி உதைத்தபின் ஏற்பட்ட கடும் வலி. தோள் வலியுடன் நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது இதய நோயாக இருக்கலாம். கருவியின் மீது பழி போட்டுக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

பிற ஐயங்களுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். 104 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம். இயன்முறைச் சிகிச்சை தேவைப்படின், பெரம்பலூர் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரை பெறலாம். வெளியே செல்ல இயலாதவர்கள், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை பெறுவது குறித்து சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். மருத்துவமனைக்கு வரும்போது தோள்வாரையும், கருவியைப் பிடித்து வேலை செய்யும் நிலையில் பக்கவாட்டில் எடுத்த ஒரு கைப்பேசிப் படத்தையும் கொண்டு வாருங்கள். கொக்கியின் உயரமும் முழங்கையின் நிலையும் அப்படத்திலேயே தெரியும் என்பதால், எதை மாற்ற வேண்டும் என்று அங்கேயே கூறிவிட இயலும்.